ஆறவிட்டு அணைக்க வேண்டிய கார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். மெக்கானிகல் என்ஜினீயரிங்கில் முதல் வகுப்பில் தேறிய நான், ஏறக்குறைய நாற்பது வருடப் பழைய கார் ஒன்றை அதன் பானெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கினேன். பார்க்கக் கூடாது என்ற கொள்கை எதுவும் இல்லை. அதை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை. விற்றவரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. அவர் பானெட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா என்று கேட்டார். நான் முன் டயரைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டு, எல்லாம் விளங்கிவிட்டவன் போலத் தலையாட்டினேன். டயரை உதைத்தால் என்ன விளங்கும் என்று இன்றுவரை தெரியாது. கட்டை விரல் மட்டும் சில நாள் வலித்தது.

கார் எண்பதுகளில் டெட்ராய்ட்காரர்கள் செய்தது. கறுப்பு நிறம், இரண்டே கதவு, ஒரு பெட்டியோடு இன்னொரு பெட்டியை ஒட்டவைத்தது போன்ற உருவம், உள்ளே டர்போ. கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்தக் காரைச் செய்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்று எங்கோ மீன் பிடித்துக்கொண்டிருப்பார்கள்; அவர்களுடைய நிம்மதியை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

டர்போ என்பது பெரிய சூத்திரம் இல்லை. என்ஜின் வெளியே துப்பும் சூடான புகையைக் கொண்டே ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றவைக்கிறார்கள். அது இன்னொரு காற்றாடியைச் சுழற்றுகிறது. அது கூடுதல் காற்றை என்ஜினுக்குள் திணிக்கிறது. திணிக்கத் திணிக்க வேகம். கல்லூரிப் பரீட்சையில் இதைப் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் வரைந்த படத்தில் அது ஒருபோதும் சூடானதில்லை.

இந்தக் காரின் மேல் எனக்கு ஆசை வந்தது பள்ளிக்கூட நாளில். அமெரிக்காவிலிருந்து யாரோ எங்கள் பக்கத்து வீட்டுக்குக் கண்ணாடி டம்ளர் கொண்டுவந்திருந்தார்கள். உடையாமலிருக்க ஒவ்வொரு டம்ளரையும் ஒரு கார் பத்திரிகையின் தாளில் சுற்றியிருந்தார்கள். எனக்குக் கிடைத்த தாளில் இந்தக் கறுப்புக் கார் நின்றது. கீழே ஆங்கிலத்தில், வேகத்தில் இதற்கு ஈடு இணை இல்லை, ஆனால் நம்பகம் என்று எடுத்துக்கொண்டால், என்பது வரைக்கும் இருந்தது. அடுத்த பக்கம் வேறொரு டம்ளருக்குப் போய்விட்டது. அந்த வாக்கியம் எப்படி முடிந்திருக்கும் என்ற கேள்வியோடுதான் நான் படித்தேன், விசா வாங்கினேன், கல்யாணம் செய்துகொண்டேன், நியூ ஜெர்சியில் வீடு வாங்கினேன்.

வாங்குவதற்கு முன்னால் விசாரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நம் ஊரில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது போல நாலு இடத்தில் விசாரித்தேன். பதிலும் மாப்பிள்ளையைப் பற்றி வருகிற பதில் மாதிரியே வந்தது. நல்ல பையன்தான், கொஞ்சம் சூடு அதிகம். குடும்பம் தங்கமான குடும்பம், ஆனால் அந்த ஒரு வருடம் மட்டும் சரியில்லை. அந்த என்ஜின் உடையவே உடையாது என்று இணையத்தில் ஒருவர் சத்தியம் செய்தார். அதே ஆள் அடுத்த வரியில், உடைந்தபோது தான் என்ன செய்தார் என்று படத்தோடு விளக்கியிருந்தார். எண்பதுகளின் டர்போ என்றாலே தலைவலி என்றார் ஒருவர். தலைவலி டர்போவால் இல்லை, அதை ஓட்டத் தெரியாமல் ஓட்டியவர்களால் கெட்ட பெயர் என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் தங்கள் கார்களை விற்றுவிட்டிருந்தார்கள். இரண்டு பேரும் விற்றதற்காக அழுதார்கள்.

விற்றவர் தெற்கு ஜெர்சிக்காரர், வயதான வெள்ளைக்காரர். இந்தக் கார் தன்னை ஒருநாளும் கைவிட்டதில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். கிளம்பும்போது டிக்கியில் ஒரு பையை வைத்தார். அன்பளிப்பாம். வீட்டுக்கு வந்து பார்த்தேன். பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் கேபிள், இழுத்துப்போகக் கயிறு, தீயணைக்கும் சிலிண்டர்.

அப்போதே எனக்குக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது. அதைத் தீர்த்துக்கொள்ளச் சான் ஹோசேயில் இருக்கும் கல்லூரி நண்பனைக் கூப்பிட்டேன். அவனும் மெக்கானிகல்தான். இப்போது அவனுடைய உத்தியோகத்தின் பெயரே ரிலையபிலிடி என்ஜினீயர். ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்கிறான். நம்பகத்தை இவனிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது?

"டேய், மிட்லைஃப் கிரைசிஸ்னா எல்லாரையும் மாதிரி மாரத்தான் ஓடித் தொலையேன்டா" என்றான். பிறகு தொழில்முறையாகப் பேச ஆரம்பித்தான். நிற்காத இயந்திரம் உலகத்தில் கிடையாது, எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதுதான் நம்பகமான இயந்திரம் என்றான். எனக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. போனை வைத்த பிறகு, அப்படியானால் எப்போதுமே நிற்கிற கார்தான் உலகத்திலேயே நம்பகமான கார் என்று ஆகிறதே என்று தோன்றியது. திரும்பக் கூப்பிட்டேன். அவன் மீட்டிங்கில் இருந்தான்.

இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை டைனர் என்கிற சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் வாசலில் கூடுவார்கள் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனேன். எல்லாரும் வந்திருந்தார்கள், கார்கள்தான் வரவில்லை. ஒருவர் பிக்கப் டிரக்கில் வந்திருந்தார், ஒருவர் மனைவியின் காரில், ஒருவர் மகனின் காரில். மழை வரலாம் என்றார்கள். வானம் பளிச்சென்று இருந்தது. என் ஒரு கார் மட்டும் நடுவில் நின்றது. அதைச் சுற்றி நின்று, தொப்பியைக் கழற்றாத குறையாக, இந்த மாதிரி நம்பகமான வண்டியை இனி யார் செய்யப்போகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். என்னைப் பார்த்த பார்வையில் மரியாதையும் இருந்தது, பரிதாபமும் இருந்தது. எந்த விகிதத்தில் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர்கள்தான் எனக்கு ஆறவிடும் விதியைச் சொன்னார்கள். நன்றாக ஓடி வந்த டர்போ காரை உடனே அணைக்கக் கூடாது. அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். காற்றாடியோ இன்னும் தீயாகக் காய்ந்துகொண்டிருக்கும். அங்கே தங்கிய எண்ணெய், அடுப்பில் மறந்துவிட்ட வாணலி எண்ணெய் போலத் தீய்ந்து கரியாகும். ஆகவே போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு நிமிடம் என்ஜினைச் சும்மா ஓடவிட்டு, ஆறவிட்டு, அப்புறம்தான் சாவியைத் திருப்ப வேண்டும். இந்தக் கார்களுக்குக் கெட்ட பெயர் வந்ததே அந்த இரண்டு நிமிடப் பொறுமை இல்லாதவர்களால்தான் என்றார் ஒரு பெரியவர். அன்றிலிருந்து அதை ஒரு விரதம் மாதிரி கடைப்பிடித்தேன்.

விரதத்தின் பலன் வேறு இடத்தில் தெரிந்தது. பிஸ்கட்டவேயில் ஒரு பிறந்தநாள் விழா. போய்ச் சேர்ந்ததும் மனைவி பரிசுப் பையோடு இறங்கி உள்ளே போய்விட்டாள். நான் காரிலேயே, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேரே வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆறவிடும்போது வேறெங்கே பார்ப்பது? வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "என்ன சார், உள்ள வரமாட்டீங்களா? ஏதாவது மனஸ்தாபமா?" என்றார். இல்லை, டர்போ என்றேன். அவர் என் தோளைத் தட்டினார்.

இப்படியே ஒவ்வொரு வீட்டு வாசலிலும். நாலைந்து மாதத்தில், கோவிலில் ஓர் ஆன்டி என் மனைவியைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று விசாரித்து, எடிசன் ஊரில் நம் பெண்மணி ஒருவர் கவுன்சலிங் தருகிறார் என்று நம்பரும் கொடுத்தாராம். காரின் பெயரைக் காப்பாற்றப்போய் என் பெயர் போய்விட்டது. மனைவி அந்த நம்பரை போனில் சேமித்துவைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்றாள்.

அவளுக்குக் காரின் மேல் வேறொரு கோபம். அதுதான் நிஜமான கோபம்.

என் மனைவி வாராந்திரத் தமிழ் வகுப்பு நடத்துகிறாள். இங்கே பிறந்து, தமிழைக் கேட்டால் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளைகள். வருடக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்து வருகிறாள். வகுப்பு நடந்துகொண்டிருந்த அறையில் கட்டட வேலை ஆரம்பித்துவிட்டதால், எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வகுப்பை மாற்றினாள். மேஜையைச் சுற்றி இடம் போதாமல் இரண்டு பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதினார்கள். ஒருத்தி வாஷிங் மெஷின் மேல். பெற்றோர்கள் வந்து பார்த்தார்கள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைய ஆரம்பித்தார்கள். நீச்சல் இருக்கிறதாம், வயலின் இருக்கிறதாம். விஜயதசமிக்குப் புது வகுப்பு தொடங்க வேண்டும். அதற்கு ஓர் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இத்தோடு வகுப்பு முடிந்தது.

எங்கள் கராஜில் பெரிய மேஜைகள் இரண்டு போடலாம், ஹீட்டர் வைக்கலாம், சுவரில் பலகை மாட்டலாம். ஆனால் கராஜில் கார் நின்றது. வெளியே விடவும் முடியாது. அந்தக் காலத்து மோஸ்தர்படி அதன் கூரையில் கழற்றி மாட்டும் கண்ணாடிப் பலகைகள் இரண்டு. மழை பெய்தால் நேராக ஓட்டுபவரின் மடியில் வழியும்.

"ஓடாத வண்டிக்கு ரூம் இருக்கு. படிக்கிற பசங்களுக்கு இல்ல" என்றாள் ஒருநாள்.

ஓடாத வண்டி என்று சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஓடும் என்றேன். ஓடினால் நம்பி எங்கேயாவது போக முடியுமா என்று கேட்டாள். அங்கேதான் எனக்குப் பதில் தெரியாது. என் வாழ்நாள் கேள்வியே அதுதான். கடைசியில் ஒரு பந்தயத்துக்கு வந்தோம். ஆயுத பூஜை அன்று பிரிட்ஜ்வாட்டர் கோவிலுக்கு அந்தக் காரில் போய், வாகன பூஜை செய்துகொண்டு, இழுவை வண்டி உதவியில்லாமல் வீடு திரும்ப வேண்டும். திரும்பினால் கராஜ் காருக்கு. திரும்பாவிட்டால் வகுப்புக்கு.

அன்று காலை கார் ஒரே சாவியில் உயிர்பெற்றது. பட்டுப்புடவையில் மனைவி, வேட்டியில் நான், அவள் மடியில் தேங்காயும் எலுமிச்சம்பழமும். இருநூற்று எண்பத்தேழாம் நெடுஞ்சாலையில் ஏறும்போது எனக்குக் கொஞ்சம் புத்தி பிசகியது. இவளுக்கு ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும் என்று பெடலை அழுத்தினேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. டர்போ அப்படித்தான், யோசித்துத்தான் பதில் சொல்லும். பிறகு பின்னாலிருந்து யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியது போல வண்டி பாய்ந்தது. தேங்காய் பின் சீட்டுக்குப் போயிற்று. திரும்பிப் பார்த்தேன். மனைவி கண்ணை மூடி ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்ததாக எனக்கு இன்னும் சந்தேகம். அவளைக் கேட்டால் அது பயம் என்கிறாள்.

கோவில் பார்க்கிங்கில் வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் ஜப்பான் வேன்கள், அடுத்து எலெக்ட்ரிக் கார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற எலெக்ட்ரிக் காரின் பானெட்டைத் திறந்தார்கள். உள்ளே என்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அரிசி மூட்டை இருந்தது. அர்ச்சகர் முகம் மாறாமல் அரிசி மூட்டைக்குக் கற்பூரம் காட்டினார். அடுத்தது நாங்கள்.

"இஞ்சின ஆஃப் பண்ணிடுங்கோ" என்றார்.

"சாமி, ரெண்டு நிமிஷம் ஆறணும்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பின்னால் வரிசை கோவில் வாசல் தாண்டி ரோடு வரைக்கும் நின்றது. யாரோ ஹாரன் அடித்தார். ஜன்னலோரம் வந்த ஒரு தன்னார்வலர், "சார், அர்ச்சகரே சொல்றார்" என்றார், நான் ஏதோ ஆகமத்தோடு வாதாடுவது போல. மனைவி என்னைப் பார்த்தாள். அவ்வளவு நாள் எத்தனையோ வீட்டு வாசலில் யார் என்ன நினைத்தாலும் கவலைப்படாமல் உட்கார்ந்திருந்தவன், அன்று நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட்டுச் சாவியைத் திருப்பிவிட்டேன்.

பூஜை நன்றாக நடந்தது. பானெட்டில் சந்தனம், குங்குமம், பூ. தேங்காய் ஒரே போடில் உடைந்தது. டயர்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழங்களை வைத்துவிட்டு அர்ச்சகர் ஒதுங்கி நின்று கையைக் காட்டினார். நான் சாவியைத் திருப்பினேன். என்ஜின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். மறுபடியும் சுற்றியது. பார்க்கிங்கில் எல்லாப் பேச்சும் நின்று அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்து நடந்ததை வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். நியூ ஜெர்சித் தமிழ் ஆண்களில் கணிசமானவர்கள் என்னைப் போல மெக்கானிகல் படித்துவிட்டு சாஃப்ட்வேருக்கு வந்தவர்கள். உள்ளே அடக்கிவைத்திருந்த படிப்பெல்லாம் வெளியே வர அவர்களுக்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது. வரிசையில் நின்ற கார்களிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பானெட்டைத் திறந்து எல்லாரும் உள்ளே பார்த்தார்கள். யாரும் எதையும் தொடவில்லை.

"ஃப்யூயல் பம்ப்பா இருக்கும்" என்றார் ஒருவர்.

"பேட்டரிய கழட்டி மாட்டுங்க சார். ரீபூட் ஆயிடும்."

"செகண்ட் கியர்ல போட்டுத் தள்ளினா ஸ்டார்ட் ஆகும். எங்கப்பா வண்டி அப்படித்தான்."

"ஆட்டோமேடிக் சார்" என்றேன். அவர் என்னை ஏமாற்றத்தோடு பார்த்தார்.

அதற்குள் பேச்சு கொள்கைக்குப் போய்விட்டது. டர்போ என்றாலே இப்படித்தான் என்பது ஒரு கட்சி. டர்போ மேல் குற்றமில்லை, அமெரிக்க வண்டி என்றாலே இப்படித்தான் என்பது இன்னொரு கட்சி. நாடும் இல்லை டர்போவும் இல்லை, எண்பதுகளில் செய்த எல்லாமே இப்படித்தான் என்பது மூன்றாவது. இதைச் சொன்னவர் எண்பதுகளில் பிறந்தவர். கோவில் வாசலில் மூன்று சித்தாந்தங்கள் மோதுவது நமக்குப் புதிதில்லை. ஆனால் நான் மூன்றையும் கேட்டு மூன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எந்தக் கட்சியில் சேருவது என்று உண்மையாகவே தெரியவில்லை.

அர்ச்சகருக்குப் பொறுமை போய்விட்டது. "வண்டி தானாத்தான் ஏறணும்னு ஒண்ணும் விதியில்லை. தள்ளுங்கோ. பின்னாடி லைன் நிக்கறது" என்றார்.

தள்ளினார்கள். முதல் தள்ளில் கார் எலுமிச்சம்பழத்தில் முட்டித் திரும்பி வந்தது. இரண்டாவது தள்ளில் ஏறியது. ஒரு பழம் மட்டும் நசுங்காமல் நழுவி, உருண்டு, பக்கத்து வேனுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அது பரிகாரத்துக்குக் குறையா என்று ஒருவர் ஆரம்பித்தார். அவரை அவர் மனைவி இழுத்துக்கொண்டு போனாள். எல்லாருமாகச் சேர்ந்து காரை ஓரமாகத் தள்ளி, ஒரு மரத்தடியில் பானெட்டைத் திறந்தபடி விட்டார்கள். என் மனைவி இதையெல்லாம் உடைந்த தேங்காயின் இரண்டு மூடிகளையும் கைக்கு ஒன்றாகப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். கராஜ் அவளுக்குக் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டாளா என்று முகத்தில் தெரியவில்லை.

கேன்டீனில் புளியோதரை சாப்பிட்டுவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடலாம் என்று போனோம். திரும்பி வந்து, சும்மா, சம்பிரதாயத்துக்குச் சாவியைத் திருப்பினேன். கார் ஒரே சாவியில் உயிர்பெற்றது, காலையில் போலவே.

கற்பூரம் காட்டியதன் பலன் என்றார் அந்தப் பக்கம் வந்த ஆன்டி. பேட்டரி கேபிளைத் தான் லேசாக அசைத்துவிட்டுப் போனதாக ரீபூட் ஆசாமி தூரத்திலிருந்து சைகை காட்டினார். சூடு ஆறியதால்தான் என்பது என் சொந்த அபிப்பிராயம். ஆனால் அதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சான் ஹோசே நண்பனுக்குச் செய்தி அனுப்பினேன். எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்ததா என்று பதில் கேள்வி வந்தது. தெரியும், நான் ஆறவிடவில்லை என்று எழுதினேன். அப்படியானால் வண்டி ரிலையபிள், நீதான் இல்லை என்று எழுதினான்.

திரும்பும் வழி முழுக்க கார் வெண்ணெயில் கத்தி போல ஓடியது. அவ்வளவு நன்றாக அது அதற்கு முன்பும் ஓடியதில்லை, பின்பும் ஓடியதில்லை. நான் பெடலை மெதுவாகத்தான் தொட்டேன். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டு டிரைவ்வேயில் கராஜ் கதவுக்கு முன்னால் நிறுத்தினேன். என்ஜின் ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக அவள் உடனே இறங்கிவிடுவாள். அன்று இறங்கவில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்து நேரே பார்த்துக்கொண்டிருந்தேன், அவளும் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரர் நாயோடு நின்று எங்களைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார்.

"சரி. சொன்ன மாதிரி வந்துடுச்சு" என்றாள். "பேச்சுன்னா பேச்சுதான்."

பிறகு போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. விஜயதசமி வகுப்பு இந்த வருடம் இல்லை, இடம் கிடைக்கவில்லை, மன்னிக்கவும். மன்னிக்கவும் என்ற சொல்லில் ஏதோ எழுத்துப்பிழை வந்துவிட்டது போலிருக்கிறது. அழித்து, மறுபடி தட்டி, மறுபடி அழித்தாள். அவள் தட்டச்சில் பிழை செய்து நான் பார்த்ததே இல்லை.

இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. சாவியைத் திருப்பி அணைத்தேன். அணைத்த பிறகுதான், கார் இன்னும் கராஜுக்குள் போகவில்லையே என்று உறைத்தது. மறுபடி சாவியைத் திருப்பினேன். என்ஜின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கவில்லை. இந்தத் தடவை விதிப்படி ஆறவிட்டிருந்தேன். என் ஒரே சித்தாந்தமும் அதோடு போயிற்று.

கராஜ் கதவு எங்கள் மூக்குக்கு நேரே இருந்தது.

"வீடுன்னா எது?" என்றேன். "டிரைவ்வேயா, கராஜா?"

"அரை மணி கழிச்சுத் திருப்புங்க. கோவில்ல ஆச்சே."

"ஆகலாம். ஆகாமலும் போகலாம். இந்த வண்டிய நம்ப முடியாது" என்றேன்.

அந்தக் காரைப் பற்றி என் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்தது அதுதான் முதல் தடவை. அவள் திரும்பி என்னை நன்றாகப் பார்த்தாள். பிறகு தட்டியதை எல்லாம் அழித்துவிட்டு, போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மீதித் தேங்காயை எடுத்துக்கொண்டு இறங்கி உள்ளே போனாள். நான் கடைக்குப் போய் ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கி வந்து, கூரைக் கண்ணாடிகளை மறைத்துக் கட்டினேன். அரை மணி கழித்துச் சாவியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அது தியாகமா, சோம்பலா, பயமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த டம்ளர்த் தாளின் அடுத்த பக்கத்தைப் படிக்காமலேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

மறுநாள் விஜயதசமி. கராஜில் மேஜைகள், ஹீட்டர், சுவரில் வெள்ளைப் பலகை. நின்றுபோன பிள்ளைகளில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள், புதிதாகச் சிலரும் வந்தார்கள். வெயில் நன்றாக இருந்ததால் கராஜ் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். எனக்கு வீட்டுக்குள் வேலை எதுவும் இல்லை. தார்ப்பாயின் ஒரு ஓரத்தைத் தூக்கிவிட்டு உள்ளே போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். பழக்கம்.

உள்ளே என் மனைவி, வெளியே எதையாவது பார்த்து ஆளுக்கு ஒரு வாக்கியம் தமிழில் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பையன் மரம் இருக்கிறது என்றான். இன்னொருவன் நாய் இருக்கிறது என்றான். பிறகு ஒரு சிறுமியின் முறை. வாஷிங் மெஷின் மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவள்தான், தமிழில் வாயே திறக்காதவள் என்று மனைவி வருத்தப்படுவாளே, அவள். வெளியே என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"அங்கிள்... எப்பவும்... காரில் உட்காருவார். கார்... எங்கேயும் போகாது."

பிறகு பலகையில் பேனா கீச்சிடும் சத்தமும், என் மனைவியின் குரலும் கேட்டன.

"ரொம்ப சரியாச் சொன்ன, கண்ணா. எல்லாரும் எழுதிக்குங்க."